தொப்பூர் கணவாய் பஸ் கடத்தல் படம்: பார்த்தவங்க மட்டும் உள்ள வாங்க

தகடூரான் (சனி, அதிகாலை 1.10)

இப்பத்தான் செகண்ட் ஷோ முடிஞ்சு வீட்டுக்கு வந்தேன். தூக்கம் பிடிக்கல, எழுதிடறேன். கதை தெரியக் கூடாதுன்னு நினைக்கிறவங்க இங்கேயே இறங்கிக்குங்க.

தருமபுரியில ராத்திரி பத்தரைக்குக் கிளம்புற சேலம் பஸ். 41 பேர். தொப்பூர் கணவாய்ல அஞ்சு பேர் துப்பாக்கியோட ஏறி வண்டியைக் காட்டுக்குள்ள திருப்புறானுங்க. ஜெயில்ல இருக்கிற அவங்க தலைவனை விடியறதுக்குள்ள விடணும். பஸ்ஸுல ஹீரோவோட தங்கச்சி. ஹீரோ லீவுல ஊருக்கு வந்த கமாண்டோ. மீதியை நான் சொல்ல வேண்டியதில்ல.

இடைவேளை வரைக்கும் அசையாம உட்கார்ந்திருந்தேன். ‘எல்லாரும் செல்லை எடுத்துப் போடுங்க’ன்னு அவன் கத்தினதும், லைட்டை அணைச்ச பஸ்ஸுக்குள்ள ஒவ்வொருத்தரும் போனை எங்கெங்க ஒளிக்கிறாங்கன்னு வரிசையாக் காட்டுவாங்க. ஒருத்தர் சோத்து டப்பாவுல, ஒரு பொண்ணு குழந்தை ஜட்டிக்குள்ள. வசனமே கிடையாது. அந்த மூணு நிமிஷத்துக்கே டிக்கெட் காசு தீர்ந்துடுச்சு.

எனக்கு வருத்தம் ஒண்ணுதான். கடத்தினவனோட போன்ல பேசுற டி.எஸ்.பி.யை ஏன் கோமாளி ஆக்கினாங்க? சட்டையில டீயைக் கொட்டிக்கிறார், மூக்குல கண்ணாடியை வெச்சுக்கிட்டே கண்ணாடியைத் தேடுறார், துப்பாக்கி வெச்சிருக்கிறவன்கிட்ட ‘தம்பி, சாப்பிட்டீங்களா’ங்கிறார். தியேட்டரே சிரிக்குது. ஹீரோ போனைப் பிடுங்கிச் சுவத்துல அடிச்சதும் ஒரே கைத்தட்டல். எனக்கு என்னமோ அந்த 41 பேரும் அதுவரைக்கும் உயிரோட இருந்தது அந்த ‘சாப்பிட்டீங்களா’வாலதான்னு தோணுச்சு. உங்களுக்கு?

பி ஷிப்ட் (சனி, காலை 7.25)

அண்ணா, பேசிக்கிட்டே இருந்தா படம் எப்ப முடியறது? ஓசூர்ல முதல் நாள் காலைக் காட்சிக்குப் போனேன். பாதிப் பேர் நைட் ஷிப்ட் முடிச்சு கம்பெனி சட்டையோட வந்தவங்க. முதல் பாதியில நல்லாத் தூங்கினாங்க. பஸ் கூரை மேல அந்த ஃபைட் வந்ததும் அத்தனை பேரும் சீட்டு மேல ஏறிட்டாங்க. 12 மணி நேரம் மிஷின் முன்னாடி நின்னுட்டு வர்றவனுக்கு டி.எஸ்.பி. டீ குடிக்கிறதையா காட்டுவாங்க? லாஜிக் பார்க்க நான் கோர்ட்டுக்கா போனேன், சினிமாவுக்குப் போனேன்.

இசை மட்டும் காதைக் கிழிச்சுடுச்சு, ஒத்துக்கிறேன்.

ராயக்கோட்டை தக்காளி (சனி, காலை 8.02)

தக்காளி லோடு ஏத்திக்கிட்டு 20 வருஷமா அந்தக் கணவாய்ல போய் வர்றவன் கேட்கிறேன். தருமபுரி மேடு, சேலம் பள்ளம். சேலம் போற வண்டி தொப்பூர்ல இறங்கணும். படத்துல பஸ்ஸு முக்கி முனகி ஃபர்ஸ்ட் கியர்ல மேல ஏறுது! அந்த இறக்கத்துல பிரேக் பிடிக்காமத்தான் இரட்டைப் பாலம் பக்கம் லாரிங்க வரிசையா மோதிக்குது. ஊரையே பயமுறுத்துற இறக்கத்தைக் கையில வெச்சுக்கிட்டு ஏத்தத்தைப் படம் எடுத்திருக்காங்க.

அதுக்கு முன்னாடி, தருமபுரியில கிளம்பின அந்த பஸ்ஸு கிருஷ்ணகிரி டோல்கேட்டைத் தாண்டுது. எதுக்கு? மாங்கா வாங்கவா? சேலம் போறவன் தாண்ட வேண்டியது பாளையம் டோல்கேட்.

அடுத்தது தேயிலைத் தோட்டம். நம்ம கணவாய்ல. நான் வாயையே திறக்கல.

இன்னொண்ணு. ராத்திரி 12 மணிக்கு ரோட்டுல ஈ காக்கா இல்லையாம். அது காஷ்மீருக்கும் கன்னியாகுமரிக்கும் போற 44ஆம் நம்பர் ரோடுங்க. அங்க ஒரு பஸ்ஸை மறிச்சா அரை மணி நேரத்துல பின்னாடி பாளையம் வரைக்கும் லாரி நின்னுடும். அத்தனை டிரைவரும் ஹாரன் அடிக்கிற அடியில கடத்தினவனே கீழ இறங்கி டிராஃபிக்கை ஒழுங்கு பண்ணியிருப்பான்.

மல்கோவா (சனி, காலை 8.40)

எனக்கு ஒரே ஒரு கேள்வி. அந்தப் பாட்டி என்ன ஆனாங்க?

பி ஷிப்ட் (சனி, காலை 8.44)

எந்தப் பாட்டி?

மல்கோவா (சனி, காலை 8.51)

மூணாவது சீட்டு, மஞ்சப் பை. ‘ஒண்ணுக்குப் போகணும் சாமி’ன்னு அழுவுதே. கடத்தினவங்கள்ல சின்னவன் மனசு இறங்கிக் கீழ விடறான். பாட்டி புதர்ப் பக்கம் போகுது. அவ்வளவுதான். அதுக்கப்புறம் ரெண்டு மணி நேரப் படத்துல அந்தப் பாட்டியே கிடையாது. திரும்பி ஏறலை, சாகலை, தப்பிக்கலை. கடைசியில எல்லாருக்கும் போர்வை போத்தி தண்ணி பாட்டில் கொடுக்கிறாங்க, அங்கயும் இல்ல.

இன்வாய்ஸ் (சனி, காலை 10.15)

நான் போக்குவரத்துல 31 வருஷம் கண்டக்டரா இருந்து ஓய்வு பெற்றவன். பேத்தி டைப் பண்றா, நான் சொல்றேன்.

படத்துல கண்டக்டர் பன்னிரண்டாவது நிமிஷம் செத்துப்போறார். பேர் கூட வைக்கல. போகட்டும். ஆனா வெளிய நிக்கிற போலீஸ் ‘உள்ள எத்தனை பேர், எத்தனை பேர்’னு முக்கால் மணி நேரம் தவிக்குது. டிரோன் விடறாங்க, உடம்புச் சூட்டைக் காட்டுற கேமரா வைக்கிறாங்க, டெல்லிக்குப் போன் போடறாங்க. ஏங்க, அது அத்தனையும் கண்டக்டர் கையில இருக்குதுங்க. எத்தனை டிக்கெட், எந்த ஊர்ல ஏறினது, எந்த ஊர்ல இறங்குறது, அரை டிக்கெட் எத்தனைன்னு ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் இன்வாய்ஸ் எழுதிடுவோம். செக்கிங் எந்த முக்குல ஏறுவாங்கன்னு தெரியாது, அந்தப் பயத்துல எழுதுறது. இப்ப மிஷினே வந்துடுச்சு, பட்டனைத் தட்டினா சீட்டு வந்து விழும். அந்தக் கண்டக்டர் சாகிறதுக்கு முன்னாடி அந்தத் தாளைச் சுருட்டி ஜன்னல் வழியா வெளிய போட்டிருந்தா, டிரோன் எல்லாம் வேண்டாம். அந்தக் காட்சிக்கு நான் விசில் அடிச்சிருப்பேன். என்கிட்ட சொந்த விசிலே இருக்குது.

மல்கோவா கேட்ட பாட்டி விஷயம் எனக்கும் உறுத்துது. ஏறின ஆளு இறங்கினதுக்குக் கணக்கு வேணும்.

தகடூரான் (சனி, பகல் 12.30)

இன்வாய்ஸ் ஐயா, நீங்க சொன்னது சினிமா ஐடியா இல்ல, நிஜமாவே அப்படித்தான் நடந்திருக்கு. 1976ல பிரான்ஸ் விமானம் ஒண்ணைக் கடத்தி உகாண்டாவுல என்டபேக்குக் கொண்டுபோனாங்க. இஸ்ரேல் படை ராத்திரியோட ராத்திரியா பறந்து போய் மீட்டதுதான் இந்த வகைப் படத்துக்கெல்லாம் தாத்தா. அதுல படைக்கு ரொம்ப உதவினது என்ன தெரியுங்களா? அந்த விமான நிலையக் கட்டடத்தைக் கட்டினது ஒரு இஸ்ரேல் கம்பெனி, வரைபடம் அவங்ககிட்ட இருந்தது. அதோட, பாதியில விடுவிக்கப்பட்டு வெளிய வந்த பயணிங்களை உட்கார வெச்சு, யார் எங்க நிக்கிறான், எத்தனை துப்பாக்கின்னு கேட்டு எழுதிக்கிட்டாங்க. உங்க இன்வாய்ஸ்தான் அது.

பி ஷிப்ட் தம்பிக்கு இன்னொண்ணு. முதல்ல வெச்ச கெடு ஜூலை 1. ‘பேசத் தயார்’னு இஸ்ரேல் சொன்னதாலதான் அது ஜூலை 4 வரைக்கும் தள்ளிப்போச்சு. அந்த மூணு நாள்லதான் ஒத்திகை பார்த்தாங்க, விமானத்தைக் கிளப்பினாங்க. பேச்சு இல்லேன்னா கமாண்டோ போய்ச் சேர்றப்ப அங்க பிணம்தான் இருந்திருக்கும்.

மல்கோவா, உங்க பாட்டியும் அங்க இருந்தாங்க. பயணிங்கள்ல ஒரு வயசான அம்மாவுக்கு உடம்பு முடியாம கம்பாலா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தாங்க. படை வந்து நூத்துச் சொச்சம் பேரைக் கூட்டிக்கிட்டுப் பறந்துடுச்சு. அந்தம்மா ஆஸ்பத்திரியிலயே மாட்டிக்கிட்டாங்க. அப்புறம் உகாண்டா அதிபர் இடி அமீன் ஆளுங்க அவங்களைக் கொன்னுட்டாங்க. டோரா ப்ளாக்னு பேர்.

மல்கோவா (சனி, பகல் 12.41)

ஐயோ. நான் விளையாட்டுக்குக் கேட்டேங்க.

காவேரிப்பட்டணம் கேபிள் (சனி, பகல் 2.05)

கேபிள் ஆபரேட்டர் என்ற முறையில ஒரு வயித்தெரிச்சல். படத்துல அந்த டிவி நிருபர் பொண்ணு, கமாண்டோ எந்தப் பாறைக்குப் பின்னாடி பதுங்கியிருக்கான்ங்கிற வரைக்கும் நேரலையில சொல்லிட்டு இருக்குது. அதுதான் கதாநாயகியாம்! 2008ல மும்பையில இதனாலதான் அவ்வளவு பேச்சு வந்தது. தாஜ் ஹோட்டல் மேல நடந்ததை டிவியில பார்த்துப் பார்த்து, உள்ள புகுந்த தீவிரவாதிங்களுக்குப் பாகிஸ்தான்ல இருந்து போன்ல உத்தரவு போட்டுட்டு இருந்தானுங்க. உச்ச நீதிமன்றமே சேனல்களைக் கண்டிச்சது. 2015ல கேபிள் சட்ட விதியையே திருத்திட்டாங்க, இந்த மாதிரி நடவடிக்கையை நேரலையாக் காட்டக் கூடாது, ஒரு அதிகாரி அப்பப்ப சொல்றதை மட்டும் போடலாம்னு. நான் ஒரு லோக்கல் சேனல் வெச்சு கோயில் திருவிழா காட்டுறேன், எனக்கே இந்த விதி தெரியுது.

பி ஷிப்ட் (சனி, மாலை 6.30)

எல்லாரும் சேர்ந்து படத்தைப் பிரிச்சு மேஞ்சுட்டீங்க. நானும் கொஞ்சம் படிச்சுட்டு வந்திருக்கேன்.

தகடூரான் அண்ணா, பேசினா காப்பாத்தலாம்னா 1999 டிசம்பர் என்னாச்சு? காட்மாண்டுவுல கிளம்பின ஐ.சி. 814 விமானத்தைக் கடத்தி அமிர்தசரஸ், லாகூர், துபாய், காந்தஹார்னு சுத்தினானுங்க. எட்டு நாள். அமிர்தசரஸ்ல முக்கால் மணி நேரம் நின்ன வண்டியை அங்கேயே மடக்கியிருக்கலாம், விட்டுட்டாங்க. கடைசியில பேசிப் பேசி மூணு தீவிரவாதிகளை விடுதலை பண்ணினோம். அதுல ஒருத்தன் வெளிய போய்த் தனி இயக்கமே ஆரம்பிச்சான். அதே அமிர்தசரஸ்ல 1993ல வேற ஒரு விமானத்துல கமாண்டோ புகுந்து அஞ்சு நிமிஷத்துல கதையை முடிச்சாங்க, பயணி ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலை. எது வேணும்?

தகடூரான் (சனி, மாலை 7.12)

நல்ல கேள்வி தம்பி, நழுவ மாட்டேன். 1993லயும் மதியம் கடத்தினான், நள்ளிரவு தாண்டித்தான் உள்ள புகுந்தாங்க. நடுவுல அவ்வளவு நேரமும் ஒருத்தர் அவன்கிட்ட பேசிக்கிட்டுத்தான் இருந்தார். அந்தப் பேச்சுக்காரர் பேர் யாருக்கும் ஞாபகம் இல்ல.

ஆனா விலை கொடுக்கணும்கிறது உண்மைதான். அதை இந்த மாவட்டத்துக்காரங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. 2000 ஜூலை 30 ராத்திரி, தாளவாடிப் பக்கம் தொட்டகாஜனூர்ல கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் தூக்கிட்டுப் போனான். 108 நாள். நவம்பர் 15தான் விட்டான். நக்கீரன் கோபால் எத்தனை தடவை காட்டுக்குள்ள போய்ட்டு வந்தார், கடைசியில பழ. நெடுமாறன் போனார். துப்பாக்கி எடுக்காம முடிஞ்ச கதை. ஆனா நடுவுல, வீரப்பன் கேட்டபடி சிறையில இருந்தவங்களை விட ரெண்டு மாநில அரசும் தலையாட்டினப்ப, வீரப்பன் கொன்ன ஒரு போலீஸ் எஸ்.ஐ.யோட அப்பா உச்ச நீதிமன்றத்துக்குப் போய்த் தடுத்தார். என் மகன் உயிரை வெச்சு வியாபாரம் பேச நீங்க யார்னு கேட்கிற உரிமை அந்தப் பெரியவருக்கு இருந்தது. அந்த மாதிரி ஒரு அப்பா ஒரு படத்துலயாவது வர்றாரா சொல்லுங்க. எனக்கு அந்த ஆளை வெச்சு ஒரு முழுப் படம் பார்க்கணும்.

இன்வாய்ஸ் (சனி, மாலை 7.50)

அந்த 108 நாள் எனக்கு நல்லா ஞாபகம். அப்ப பெங்களூர் ரூட்டுல இருந்தேன். மொதல்ல வண்டியெல்லாம் ஓசூரோட நிறுத்தம். வேலைக்குப் போற ஜனங்க மூட்டை முடிச்சோட அத்திப்பள்ளி வரைக்கும் நடந்தாங்க. நான் வண்டியிலயே படுத்திருந்தேன். ராஜ்குமார் கூட இன்னும் மூணு பேரைக் கொண்டுபோனான், அதுல ஒருத்தர் தப்பிச்சு ஓடி வந்தார். அவங்க பேரை யாராவது சொல்லுங்க பார்ப்போம்.

ராயக்கோட்டை தக்காளி (சனி, இரவு 8.05)

2002ல கர்நாடக முன்னாள் மந்திரி நாகப்பாவைக் கொண்டுபோனானே. அவர் திரும்பி வரலையே. டிசம்பர்ல பிணமாத்தான் கிடைச்சார். பேச்சு எப்பவும் ஜெயிக்கும்னு சொல்ல முடியாதுங்க.

2004 அக்டோபர் 18 ராத்திரி பாப்பாரப்பட்டியில வீரப்பனை முடிச்சப்பவும், ஆம்புலன்ஸ்னு நம்பி ஏறி உட்கார்ந்தான். அதுக்கு முன்னாடி எத்தனை மாசம் யார் யாரோ அவன்கிட்ட பேசிப் பேசி அந்த வண்டியில ஏத்தியிருப்பாங்க! மறுநாள் தருமபுரி பெரியாஸ்பத்திரி வாசல்ல நானும் கூட்டத்துல நின்னேன், உள்ள எட்டிப் பார்க்க முடியல.

வார்டு நம்பர் 7 (சனி, இரவு 10.40)

டியூட்டி முடிஞ்சு இப்பத்தான் படிச்சேன். நான் நர்ஸு. யாரும் அந்த மயக்க வாயு காட்சியைப் பத்திப் பேசலையே?

ஹீரோ ஏசி வழியா ஒரு புகையை விடறான். (சேலம் போற அரசு பஸ்ஸுல ஏசி எங்க இருந்து வந்ததுன்னு இன்வாய்ஸ் ஐயா சொல்லட்டும்.) கெட்டவனும் நல்லவனும் எல்லாரும் தூங்கிடறாங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சுப் பயணிங்க மட்டும் லேசா இருமிக்கிட்டு எழுந்து சிரிக்கிறாங்க, முகத்துல பவுடர் கூடக் கலையல.

ஆபரேஷன் தியேட்டர்ல ஒரே ஒரு ஆளுக்கு மயக்கம் கொடுக்க ஒரு டாக்டர் தலைமாட்டுலயே உட்கார்ந்திருப்பார். எடை, வயசு, ஆஸ்துமா, கடைசியா எப்ப சாப்பிட்டாங்க, எல்லாம் கேட்டுட்டுத்தான் ஊசியே எடுப்பாங்க. குழந்தைக்கும் பாட்டிக்கும் 100 கிலோ ஆளுக்கும் ஒரே புகை எப்படிங்க சரியா இருக்கும்? 2002 அக்டோபர்ல மாஸ்கோவுல ஒரு நாடகக் கொட்டகையில 800 பேருக்கு மேல பிடிச்சு வெச்சிருந்தப்ப, ரஷ்யப் படை உள்ள வாயுவை விட்டுத்தான் புகுந்தது. கடத்தினவங்க எல்லாரும் செத்தாங்க. கூடவே 130 பேர் அளவுக்குப் பணயக்கைதிங்களும் போய்ட்டாங்க, பெரும்பாலும் அந்த வாயுவாலதான். என்ன வாயுன்னு வெளிய நின்ன டாக்டர்களுக்கே சொல்லல. மயங்கினவங்களை மல்லாக்கப் போட்டு வெச்சதுல நாக்கு உள்ள விழுந்து மூச்சு அடைச்சிருக்கு. ஒருக்களிச்சுப் படுக்க வைக்கிறது நாங்க முதல் வருஷத்துல படிக்கிறது.

மயக்கத்துல இருக்கிறவங்களை யாரும் மல்லாக்கப் போடாதீங்க. படத்துல கத்துக்காததை இங்கயாவது கத்துக்குங்க.

இன்வாய்ஸ் (ஞாயிறு, காலை 6.15)

ஏசி இல்லீங்கம்மா. ஜன்னல் கண்ணாடியே பாதி மேல ஏறாது.

தீர்த்தமலை (ஞாயிறு, காலை 9.30)

எல்லாரும் வெளிய நிக்கிறவனைப் பத்தியே பேசறீங்க. உள்ள இருக்கிறவனுக்கு யார் மேல பயம் இருக்கும்னு யோசிச்சீங்களா?

1973ல ஸ்வீடன்ல ஒரு பேங்கு. நாலு பேரைப் பிடிச்சு வெச்சு ஆறு நாள் ஓடுச்சு. அதை வெச்சுத்தான் ‘ஸ்டாக்ஹோம்’னு ஒரு வியாதிப் பேரே வந்தது. நம்ம படத்துலயும் அந்த காலேஜ் பொண்ணு சின்னவனைப் பார்த்து உருகுதே, அது. ஆனா அந்த பேங்குல இருந்த பொண்ணு நாட்டோட பிரதமர்கிட்டயே போன்ல பேசுச்சு. என்ன சொல்லுச்சுன்னா, எனக்குக் கொள்ளைக்காரனைவிட போலீஸ் உள்ள பாய்ஞ்சுடுமோன்னுதான் பயமா இருக்குன்னு. அதைக் காதல்னு, வியாதின்னு எழுதி மூடிட்டாங்க. எனக்கு அது சரியான கணக்காத்தான் தெரியுது. சுவத்தை உடைச்சுக்கிட்டு வர்ற குண்டுக்கு உள்ள இருக்கிறவன் யார்னு தெரியுமா?

நான் அரூர் பக்கம். எங்க வாச்சாத்தியில 1992 ஜூன் 20 சந்தனமரம் தேடறோம்னு சீருடையிலதான் வந்தாங்க, ஊரைச் சூறையாடிப் பொண்ணுங்களைச் சீரழிச்சாங்க. 2011ல தருமபுரி கோர்ட்டு குற்றம் சாட்டப்பட்டவங்கள்ல உயிரோட இருந்த 215 பேரையும் குற்றவாளின்னு சொல்லுச்சு, 2023ல ஐகோர்ட்டும் அதையே உறுதி பண்ணுச்சு. 19 வருஷம், அப்புறம் இன்னும் 12 வருஷம். அதனால படத்துல சீருடை ஸ்லோ மோஷன்ல நடந்து வந்தா எங்க ஊர்க் கிழவிங்க கை தட்ட மாட்டாங்க. இயக்குநர் மேல கோபம் இல்ல. சொன்னேன்.

நிர்வாகி (ஞாயிறு, காலை 9.55)

பேச்சு நல்லாப் போகுது. கட்சிப் பேரும் சாதிப் பேரும் வந்தா மட்டும் இழையைப் பூட்டிடுவேன். ரெண்டு பதிவை ஏற்கனவே தூக்கியாச்சு, தூக்கினது யாருதுன்னு அவங்களுக்குத் தெரியும்.

நடுகல் (ஞாயிறு, பகல் 11.20)

வரலாற்று வாத்தியார் இல்லாம ஒரு இழை முடியுமா? வந்துட்டேன்.

பணயம் பிடிக்கிறதும் மீட்கிறதும் நம்ம ஊருக்குப் புதுசு இல்ல. பகையாளி ஊர் மாட்டை ஓட்டிட்டுப் போறது வெட்சி, துரத்திப் போய் மீட்கிறது கரந்தை. தருமபுரி, கிருஷ்ணகிரி காட்டுல மேட்டுல எல்லாம் நிக்கிற நடுகல்லுல பாதி இந்தக் கதைதான். ‘தொறு மீட்டுப் பட்டான்’னு இருக்கும். தொறுன்னா மாட்டு மந்தை, பட்டான்னா செத்தான். கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்துல நிறுத்தி வெச்சிருக்காங்க, ஒரு நாள் போய்ப் பாருங்க. வில்லும் கத்தியுமா ஒருத்தன். சில கல்லுல ஓரத்துல மாடும் இருக்கும். ஆனா அந்தக் கல்லு எல்லாமே செத்தவனுக்குத்தான். மீட்டுட்டு உயிரோட திரும்பினவனுக்குக் கல்லு இல்ல. நம்ம படத்துல தலைகீழ், ஹீரோவுக்கு ஒரு கீறல், செத்தவன் கண்டக்டர்.

தகடூரான் கேட்ட டி.எஸ்.பி.க்கும் நம்ம ஊர்ல ஒரு மூதாதை உண்டு. அதியமானுக்காகத் தொண்டைமான்கிட்ட தூது போன ஔவை. தொண்டைமான் ஆயுதச்சாலையைத் திறந்து காட்டுறான். நெய் தடவி, மாலை போட்டு, மயில்பீலி கட்டி எல்லாம் பளபளன்னு இருக்குது. ஔவை, ‘ஆகா, உன்னோடது எவ்வளவு அழகா இருக்கு, எங்காளுது எல்லாம் நுனி முறிஞ்சு கொல்லன் பட்டறையில கிடக்குதுப்பா’ன்னு சொல்லிட்டு வந்துட்டா. அந்த ஒரு வார்த்தையில போருக்கு வேலையே இல்லாமப் போச்சுன்னு சொல்லுவாங்க. படத்துல கமாண்டோ துப்பாக்கியை எல்லாம் கிட்டக்கக் காட்டினப்ப எனக்குத் தொண்டைமான் ஞாபகம்தான் வந்துச்சு. அவ்வளவு நெய்.

பி ஷிப்ட் (ஞாயிறு, பகல் 11.31)

சார், ‘அவ்வளவு நெய்’ செம. என் போன் ஸ்டேட்டஸ்ல வெச்சுக்கிறேன்.

வார்டு நம்பர் 7 (ஞாயிறு, பகல் 3.10)

ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். சொல்லலாமா வேண்டாமான்னு இருந்தேன்.

கடைசியில பஸ்ஸு எரியுதுல்ல, அதை ஸ்லோ மோஷன்ல நாலு கோணத்துல காட்டுறாங்க. உள்ள ரெண்டு பேர் மாட்டிக்கிட்டுக் கண்ணாடியைத் தட்டுறாங்க, ஹீரோ உடைச்சு இழுக்கிறான். ஓசூர்ல விசில் அடிச்சிருப்பாங்க. நான் பார்த்தது தருமபுரி தியேட்டர்ல. நம்பமாட்டீங்க, சத்தமே இல்ல. பால்கனியில சின்னப் பசங்க நாலு பேர் கத்தினாங்க, அவங்களும் நிறுத்திட்டாங்க. எனக்கு முன் வரிசையில 60 வயசு இருக்கும் ஒருத்தர், எழுந்து வெளிய போய்ட்டார். திரும்பி வரலை.

2000 பிப்ரவரி 2. அப்ப நான் எட்டாவது. சுற்றுலா வந்த கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகப் பிள்ளைங்க பஸ்ஸை இலக்கியம்பட்டியில கொளுத்தினாங்க. மூணு அக்காங்க வெளிய வர முடியாமப் போய்ட்டாங்க. எங்க ஸ்கூல்ல இருந்து பார்த்தா புகை தெரிஞ்சுது. அதுக்கப்புறம் ரொம்ப வருஷம் எங்கம்மா என்னை பஸ்ஸுல வாசல் பக்கத்து சீட்டுலதான் உட்காரச் சொல்லுவாங்க. இன்னிக்கும் நான் அங்கதான் உட்கார்றேன்.

படம் எடுத்தவங்களுக்கு இது தெரியணும்னு இல்ல. ஆனா தருமபுரின்னு போர்டு போட்ட பஸ்ஸைக் கொளுத்தறப்ப ஒரு தடவை ஊர்ல யாரையாவது கேட்டிருக்கலாம்.

இன்வாய்ஸ் (ஞாயிறு, மாலை 4.02)

நான் அன்னிக்கு டியூட்டியில இருந்தேன் அம்மா. எழுதினது நல்லது.

பி ஷிப்ட் (ஞாயிறு, இரவு 9.15)

அக்கா, நான் 2001ல பிறந்தவன். எங்க வீட்டுல யாரும் சொன்னதில்ல. இப்ப அப்பாகிட்ட கேட்டேன், கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம் சொன்னார். ஆமாம்க்கா, நான் அந்தக் காட்சிக்கு விசில் அடிச்சேன்.

தகடூரான் (ஞாயிறு, இரவு 9.40)

தெரியாம அடிச்ச விசில் தம்பி. விடு.

பி ஷிப்ட் (புதன், இரவு 11.58)

ரெண்டாவது தடவை போனேன். இந்தத் தடவை எண்றதுக்காகவே போனேன், பக்கத்துல இருந்த நண்பன் என்னைப் பைத்தியம்னு நினைச்சுட்டான்.

ஏறினது கண்டக்டர், டிரைவர் சேர்க்காம 41. சரியா இருக்கு. செத்தது கண்டக்டரோட சேர்த்து மூணு பேர், அதுல பயணி ரெண்டு. கடைசியில போர்வையோட நிக்கிறது டிரைவரை விட்டுட்டு எண்ணினா 38. ஒண்ணு குறையுது. அது பாட்டிதான்.

டி.எஸ்.பி. காட்சியையும் இந்தத் தடவை சிரிக்காமப் பார்த்தேன். அவர் ‘சாப்பிட்டீங்களா’ன்னு கேட்கிறப்ப, அந்தச் சின்னவன் ஒரு செகண்ட் போனைக் காதுல இருந்து எடுத்துப் பார்க்கிறான். அடுத்த காட்சியிலதான் பாட்டியைக் கீழ இறங்க விடறான். அவரு கேட்டதாலதான் விட்டான்னு எடுத்திருக்காங்களா, தானா அமைஞ்சுதான்னு தெரியல. முதல் தடவை எங்க சிரிப்புச் சத்தத்துல அது காதுலயே விழல.

இன்னொண்ணு. கடைசி ஷாட்டுல காலி பஸ்ஸுக்குள்ள கேமரா போகுதுல்ல, பாதி கருகின பஸ்ஸு. மேல கம்பித் தட்டுல மஞ்சப் பை அப்படியே இருக்கு.

மல்கோவா (வியாழன், காலை 7.03)

எரிஞ்ச பஸ்ஸுல எரியாத பை. கன்டினியூட்டி பார்க்கிற உதவி இயக்குநரைக் கூப்பிடுங்கப்பா.

இன்வாய்ஸ் (வியாழன், காலை 8.20)

பயணி விட்டுட்டுப் போன பையை டிப்போவுல ஒப்படைச்சு எழுதி வாங்கிக்கணும். உள்ள என்ன இருக்குன்னு ரெண்டு பேர் முன்னாடி பார்த்துக் குறிக்கணும். சில நேரம் மூணாம் நாள் தேடிக்கிட்டு வருவாங்க, சில நேரம் ஒரு மாசம் ஆகும். படத்துல அந்தப் பையை எடுக்கக் கண்டக்டர் உயிரோட இல்லையே, அதான் அங்கேயே கிடக்குது.

ராயக்கோட்டை தக்காளி (வியாழன், இரவு 10.30)

இன்னிக்கு சேலத்துக்கு லோடு. பன்னிரண்டு மணி வாக்குல கணவாய் இறங்குவேன். பாட்டி எங்கயாவது ரோட்டோரம் நின்னா ஏத்திக்கிறேன், முன் சீட்டு காலிதான்.